எறும்புக்குப் பிடித்த நாவல்

தாதனூத்தில் எறும்புகள் காணாமல் போன சேதி முதலில் கோலத்தில்தான் தெரிந்தது. மார்கழி பிறந்து வாசலெல்லாம் பச்சரிசி மாவில் கம்பிக் கோலமும் பூக்கோலமும் விழுந்துகிடக்க, வழக்கமாக வெயில் ஏறுவதற்குள் பாதிக் கோலத்தைச் சுமந்துகொண்டு போய்விடுகிற எறும்புகளில் ஒன்றுகூட எட்டிப் பார்க்காமல், காலையில் போட்ட கோலம் சாயங்காலம் வரைக்கும் இழை கலையாமல் கிடந்தது. எறும்புக்கு என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி அரிசி மாவில் கல்மாவைக் கலந்துவிட்டாள் என்றுதான் ஒவ்வொருத்தியும் நினைத்தாள், நினைத்ததோடு நிற்காமல் ஆள் இல்லாத நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கோலத்தைக் கிள்ளி நாக்கில் வைத்தும் பார்த்தாள். தாதனூத்துக்காரர்களின் குணம் அப்படி. கண்ணெதிரே ஓர் அதிசயம் நடந்தால் அதிசயத்தை விட்டுவிட்டு, அதில் யார் கை இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

அடுத்தது மிட்டாய். தாதனூத்து கடலைமிட்டாய்க்குப் பேர்போன ஊர். பஸ் நிலையத்திலிருந்து ரயிலடி வரைக்கும் வரிசையாகப் பட்டறைகள், எந்நேரமும் தெருவில் வெல்லப்பாகு காய்கிற வாசம். எறும்பு மொய்த்தால் அது நல்ல வெல்லம், மொய்க்கவில்லையென்றால் கலப்படம் என்பது அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே வெளியூர்ப் பயணிகள் மிட்டாயை வாங்கிப் பிரித்து, ஒரு துண்டைத் தரையில் வைத்து, பக்கத்தில் குத்தவைத்துக் காத்திருந்து பார்த்துவிட்டு, மீதிப் பொட்டலத்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். பட்டறைக்காரர்கள் பக்கத்து ஊர்களுக்கு ஆள் அனுப்பி, தீப்பெட்டியில் எறும்பு பிடித்துவந்து தட்டுகளில் விட்டார்கள். விட்ட எறும்பு மிட்டாய்மேல் ஏறி, இறங்கி, மீசையை ஆட்டித் திசை பார்த்து, உள்ளூர் எறும்புகள் போன வழியிலேயே போய்ச் சேர்ந்தது. சர்க்கரை வியாதிக்காரர்கள் தங்கள் மூத்திரத்தில் எறும்பு மொய்ப்பது நின்றுவிட்டதைப் பார்த்து, வியாதி போய்விட்டது என்று சந்தோஷமாக அல்வா வாங்கித் தின்றார்கள். அவர்களில் இரண்டு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் மற்றவர்கள் நம்பவில்லை. டாக்டர் தன் வரும்படி குறைந்துபோகுமே என்று பயம் காட்டுகிறார் என்றார்கள்.

எறும்புகள் எங்கே போயிருக்கின்றன என்று ஊரில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். அது பூங்கனி. அவள் நாவல் எழுதுகிறவள். ஐந்து நாவல் எழுதி, மூன்று விருது வாங்கி, தலைமுடிக்குச் சாயம் பூசுவதா விடுவதா என்கிற வயதில் இருந்தாள். அவள் புருஷன் தனுஷ்கோடி வீட்டின் பின்கட்டிலேயே மிட்டாய்ப் பட்டறை வைத்திருந்தான். மாடியில் அவள் எழுதுகிற அறை. அந்த அறையின் அலமாரியில், அந்த வருஷம் படித்து முடித்த நாவல்களை அடுக்கி வைத்திருந்தாள், அந்த அடுக்கின் ஆக அடியில் கிடந்த ஒல்லியான ஒரு புத்தகத்துக்குத்தான் ஊர் எறும்புகள் எல்லாம் வந்துகொண்டிருந்தன. கட்டெறும்பு, சிற்றெறும்பு, பிள்ளையார் எறும்பு, கடித்தால் தடிக்கிற செவ்வெறும்பு, ஒன்றையொன்று கண்டால் ஆகாத சாதிகளெல்லாம் ஒரே வரிசையில் சண்டையில்லாமல் வந்து, முன்னட்டை வழியாக உள்ளே நுழைந்து, ஒவ்வொரு வரியாக ஊர்ந்து, சில இடங்களில் சும்மா நின்று, பின்னட்டை வழியாக வெளியே இறங்கி, மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றன. ஒரு தாளைக் கடிக்கவில்லை, ஓர் எழுத்தை அரிக்கவில்லை. படித்தன, அவ்வளவுதான்.

பூங்கனிக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை. பயம்தான் வந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அது.

விஷயம் இதுதான். ஒவ்வொரு மார்கழியிலும் சென்னையிலிருந்து வருகிற ஓர் இலக்கியப் பத்திரிகை, ‘இந்த ஆண்டு நான் வாசித்ததில் பிடித்த நாவல்கள்’ என்று பூங்கனியிடம் பத்துப் பெயர் கேட்டு வாங்கிப் போடும். அதை நம்பி நாலு பேர் புத்தகக் கண்காட்சியில் புத்தகம் வாங்குவார்கள். மீதிப் பேர், இவள் ஏன் அவனைப் போட்டாள், அவன் இவளுக்கு என்ன செய்தான் என்று தை முழுக்க ஆராய்ச்சி செய்வார்கள். ஆராய்ச்சி செய்கிறவர்களைத் தப்புச் சொல்லவும் முடியாது. அந்தப் பத்தில் இரண்டு இடம் சிநேகிதிகளுக்கு, ஒன்று பதிப்பாளரின் மைத்துனனுக்கு, ஒன்று விருதுக் குழுவில் இருக்கிற பெரியவருக்கு, ஒன்று இளைஞர்களையும் படிக்கிறாள் என்று பேர் வாங்குவதற்கு, ஒன்று மொழிபெயர்ப்பு, அதைப் பாதி படித்திருந்தால் அதிகம். உண்மையிலேயே பிடித்தது என்று ஒன்றோ இரண்டோ இருக்கும், அதையும் எட்டாவது ஒன்பதாவது இடத்தில் கண்ணுக்குப் படாமல் வைப்பாள்.

இந்த வருஷம் அப்படி வைக்கவும் அவளுக்கு மனசில்லை. ஆடி மாசம் தபாலில் வந்த நாவல் அது. ‘இரண்டு உப்புச்சாடி’ என்று பேர். எழுதியவள் ஜெனிட்டா, கேள்விப்படாத பெயர். நாகலாபுரம் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் என்று பின்னட்டையில் போட்டிருந்தது. ஒரே அடுப்படியில் இருபது வருஷம் ஒருவரோடு ஒருவர் பேசாமல் சமைத்த ஒரு மாமியாரும் மருமகளும், ஆளுக்கொரு உப்புச்சாடி, அவ்வளவுதான் கதை. மத்தியானம் எடுத்த புத்தகத்தைச் சாயங்காலம் முடித்ததும் பூங்கனி அட்டை தெரியாமல் கவிழ்த்து வைத்தாள். ஏனென்றால் அவள் ஆறு வருஷமாக எழுதி முடித்து, இந்தத் தைக்குப் புத்தகக் கண்காட்சியில் வெளிவருவதற்காக வைத்திருந்த ‘நீள்மௌனம்’ நாவலும் ஒரே அடுப்படியில் பேசாமல் சமைத்த மாமியார் மருமகள் கதைதான். இவளுடையது அறுநூறு பக்கம். அந்தப் பெண் நூற்றி நாற்பதில் சொல்லிவிட்டாள், அதுவும் இவளைவிட நன்றாக.

அந்தப் புத்தகத்தை ஊரில் யாரும் படிக்கவில்லை, மதுரையில் படிக்கவில்லை, சென்னையிலும் படிக்கவில்லை. பிடித்திருக்கிறது என்று சொன்னால் எல்லாரும் படிப்பார்கள். படித்துவிட்டு ‘நீள்மௌனம்’ வந்ததும், பூங்கனி அந்தச் சின்னப் பெண்ணிடமிருந்து எடுத்துவிட்டாள் என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. சொல்லாமல் விட்டாலோ, அந்தப் புத்தகம் வந்த சுவடு தெரியாமல் போய்விடும், அடுத்த வருஷம் எவனாவது அதைத் தேடிப் படித்தாலும் அந்தப் பெண்தான் பூங்கனியைப் பார்த்து எழுதினாள் என்று ஆகிவிடும். இதை பூங்கனி யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாக யோசித்துத்தான் அதை அடுக்கின் அடியில் வைத்தாள்.

எறும்புகள் வர ஆரம்பித்ததும் அவள் மஞ்சள்பொடி தூவினாள், மண்ணெண்ணெய் தெளித்தாள், எறும்பு சாக்பீஸால் அலமாரியைச் சுற்றிக் கோடு கிழித்தாள், பால் சட்டியை வைப்பதுபோல ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே கல்லை வைத்து அதன்மேல் புத்தகத்தை வைத்தாள். எறும்புகள் ஒன்றன் காலை ஒன்று பிடித்துப் பாலம் போட்டு அந்தப் பக்கம் போயின. கடைசியில் வெட்கத்தை விட்டு ‘நீள்மௌன’த்தின் கையெழுத்துக் கட்டைத் தூக்கிவந்து வரிசையின் குறுக்கே வைத்தாள். எறும்புகள் அதன் ஓரத்தில் வந்து நின்று, மரியாதையாக மீசையை ஒரு தடவை அசைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு போயின. இடித்துத் தள்ளிக்கொண்டு போயிருந்தால்கூட அவளுக்கு இத்தனை வலித்திருக்காது.

வரிசையைப் பின்தொடர்ந்து வந்து கண்டுபிடித்தது தனுஷ்கோடிதான். பட்டறையில் கிளம்பிய ஓர் எறும்பைக் குனிந்தபடியே தொடர்ந்து மாடிப்படி ஏறியவன், அறை வாசலில் நிமிர்ந்து, பெண்டாட்டியையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“எம் பாகை எடுத்து இதுல தடவுனியா?”

“எனக்கென்ன கிறுக்கா?”

“பின்ன ஏன் இது இங்க மொய்க்குது? கீழ நாலு தட்டு மிட்டாய் சீந்துவாரில்லாம கெடக்கு.”

அவன் புத்தகத்தை எடுத்து மோந்து பார்த்தான், நாக்கின் நுனியால் அட்டையைத் தொட்டும் பார்த்தான். இனிக்கவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிட்டது. மிட்டாய் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் ஆதிலிங்க அண்ணாச்சி நாலு பேரோடு வந்தார், அவருக்குப் பின்னால் தெருவே வந்தது, தெருவுக்குப் பின்னால் டீக்காரர் ஒருத்தர் வந்து வாசலில் கடை போட்டார். மாடிப்படியில் எறும்புக்கு ஒரு பக்கம் மனுஷருக்கு ஒரு பக்கம் என்று வழிவிட்டு, ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்துப் போனார்கள். யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, யாரும் கற்பூரம் கொளுத்தவில்லை. குனிந்து அலமாரிக்கு அடியில் பார்த்தார்கள், சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், பூங்கனியின் விரல்களை உற்றுப் பார்த்தார்கள். புதுப் புத்தகம் விற்பதற்கு இது ஒரு தந்திரம் என்றார்கள் சிலர். மற்றப் பட்டறைகளை ஒழிக்க தனுஷ்கோடி செய்கிற சூழ்ச்சி என்றார்கள் பலர். அவன் மிட்டாயிலும்தானே எறும்பு இல்லை என்று கேட்டதற்கு, அதுதான் சூழ்ச்சி என்றார்கள்.

வாசகர் வட்டச் செயலாளர் செண்பகராமன் மட்டும் முறையாகப் பரிசோதித்தார். அவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, இரண்டு கவிதைத் தொகுதிகள் சொந்தச் செலவில் போட்டவர். நூலகத்திலிருந்து ஒரு சாக்கு நிறையப் புத்தகம் கொண்டுவந்து தரையில் பரப்பினார், அதில் நடுவாக, தற்செயலாக விழுந்ததுபோல, தன் தொகுதி ஒன்றையும் வைத்தார். அதற்கு அடியில் கொஞ்சம் சீனி தூவியிருந்ததை பூங்கனி பார்த்தாள், சொல்லவில்லை. எறும்புகள் சீனியை மிதித்துக்கொண்டு உப்புச்சாடிக்குப் போயின.

“எறும்புக்கு என்ன தெரியும் மேடம்? அதுக்கு யாப்பு தெரியுமா?” என்றார் செண்பகராமன், முகம் சிவந்து.

பிறகு ஊரே ஏதேதோ கொண்டுவந்து வைத்துப் பார்த்தது. ஜாதகத்தை வைத்தார்கள், கல்யாணப் பத்திரிகையை வைத்தார்கள், வெளிநாட்டிலிருந்து புருஷன் அனுப்பிய வாழ்த்து அட்டையை ஒருத்தி கொண்டுவந்து வைத்துவிட்டு எறும்பு தொடாததைப் பார்த்து மூக்கைச் சிந்திக்கொண்டே போனாள். ஆதிலிங்க அண்ணாச்சி தொழிலில் பழுத்தவர் ஆனதால் வேறு கணக்குப் போட்டார். அந்தப் புத்தகம் தன் சரக்குக் கிட்டங்கியிலும் இருந்தால் எறும்பு அங்கே வந்துவிடும் என்று நினைத்து, திருநெல்வேலிக்கு ஆள் அனுப்பி அதே நாவலில் இருபது பிரதி வாங்கிவந்து வெல்லமூட்டைகளுக்கு நடுவில் அடுக்கினார். ஒரு சிற்றெறும்பு எட்டிப் பார்க்கவில்லை. பூங்கனி படித்த அந்த ஒரு பிரதிக்குத்தான் மரியாதை. அப்போதுதான் ஊருக்கு விஷயம் புலப்பட்டது. எறும்பு புத்தகத்துக்கு வரவில்லை, பூங்கனிக்கு அந்தப் புத்தகம் பிடித்துப்போனதற்கு வருகிறது. புலப்பட்டதும் அதுவே அடுத்த சந்தேகமாக ஆயிற்று.

“தங்கச்சி, நான் ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கிடக் கூடாது,” என்றார் ஆதிலிங்க அண்ணாச்சி, கீழே முன்னறையில் உட்கார்ந்து. “நீ வருசா வருசம் பத்துப் பேரு பேர் போடுதியே, அதுக்கெல்லாம் எறும்பு வந்துச்சா?”

“இல்ல அண்ணாச்சி.”

“அப்ப அதெல்லாம் என்னது?”

பூங்கனி காப்பித் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“செரி, அது உங்க தொழிலு, எங்க தொழில்லயும் ஆயிரம் இருக்கு. நான் சொல்லுதது என்னன்னா, மனசுல பிடிச்சிருக்குன்னு வச்சிக்கிட்டு வாயால சொல்லாம இருக்க பாத்தியா, அதான் எறும்பு போகமாட்டேங்குது. இந்த வருசம் பத்திரிகையில அந்தப் பேரைப் போட்டுரு. போயிரும். பொங்கலுக்கு ஆர்டர் முழுக்க நிக்குது, ஊரே உன்னைத்தான் பாக்குது.”

அவர்கள் போன பிறகு தனுஷ்கோடி அவளிடம் கேட்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் எழுதியதில் ஒரு பக்கம்கூட அவன் படித்ததில்லை, அவளும் படிக்கச் சொன்னதில்லை. இப்போது வேறு வழியில்லாமல் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உனக்கு முந்தி ஒருத்தி எழுதிட்டா, இவ்வளவுதானே? நம்ம தெருவுல எத்தனை பேரு கடலைமிட்டாய் போடுதான். எல்லாருக்கும் யாவாரம் நடக்கத்தானே செய்யுது?” என்றான்.

“மிட்டாயத் தின்னா தீந்துபோகும், அடுத்தது வாங்குவான். அவ எழுதுனதைப் படிச்சவனுக்கு நான் எழுதுனது வேண்டாங்க. எனக்கே வேண்டாம்னு தோணுது.” அவள் விரலை மடக்கி எண்ணினாள். “ஆறு வருசம்.”

தனுஷ்கோடி அவளுக்குத் தண்ணீர் மோந்து கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போனான். ஆனால் அவள் மேல் பரிதாபப்பட்டானா, பட்டறை மேல் பரிதாபப்பட்டானா என்று அவளுக்கு அப்போதும் சந்தேகமாகத்தான் இருந்தது.

மறுநாள் பூங்கனி வழக்கம்போலப் பத்துப் பெயரை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினாள். சிநேகிதிகள் இரண்டு, மைத்துனன் ஒன்று, பெரியவர் ஒன்று. உப்புச்சாடி இல்லை. அனுப்பிவிட்டுக் கோயிலுக்குப் போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து மாடி ஏறினால், அறைக்குள் அவள் இதுவரை காணாத காட்சி. மேஜைமேல் ‘நீள்மௌனம்’ கட்டு இருந்தது, அதன்மேல் ஒரு வெள்ளை இடம் தெரியாமல் எறும்பு. அறுநூறு பக்கத்தையும் அவை மொய்த்துக்கொண்டிருந்தன. பூங்கனி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். புருஷனைக் கூப்பிடலாமா என்று நினைத்தாள், ஊரையே கூப்பிடலாமா என்று நினைத்தாள், செண்பகராமனைக் கட்டாயம் கூப்பிட வேண்டும் என்று நினைத்தாள். அப்புறம் பழைய புத்தி எழுந்தது. எழுந்து போய்க் கட்டைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் உப்புச்சாடி கிடந்தது. அறையைப் பெருக்க வந்த தனுஷ்கோடி, எறும்பாவது ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று அதை மேஜைக்கு மாற்றி, பறக்காமல் இருக்க அவள் கட்டைத் தூக்கி மேலே வைத்துவிட்டுப் போயிருந்தான். வெயிட்டுக்கு.

கட்டைத் தரையில் இறக்கி வைத்தாள். கொஞ்ச நேரம் முன்னால் தனக்கு வந்த சந்தோஷம் எப்படிப்பட்டது என்று அவள் நினைத்துப் பார்த்தாள். தான் எழுதியதை ஒருத்தர் உண்மையாகப் படிக்கிறார் என்கிற சந்தோஷம் அது. ஐந்து நாவலில் அது ஒரு தடவைகூட அவளுக்கு வந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தை நாகலாபுரத்தில் இருக்கிற ஒருத்திக்குப் போகவிடாமல் ஆடியிலிருந்து அலமாரியின் அடியில் அமுக்கி வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. போனை எடுத்துப் பத்திரிகை ஆசிரியரைக் கூப்பிட்டு, பத்தையும் அடித்துவிடுங்கள், ஜெனிட்டாவின் ‘இரண்டு உப்புச்சாடி’ ஒன்றுதான் என்றாள்.

“ஒண்ணா? எல்லாரும் பத்து குடுப்பாங்க மேடம். பக்கம் காலியா நிக்கும்.”

“நிக்கட்டும்.”

“யாரு மேடம் இவங்க? சொந்தமா?”

“இல்ல.”

“உங்க ஆளுங்களா?”

“எனக்குப் பிடிச்சிருந்துச்சு.”

“அதில்ல மேடம்,” என்றார் ஆசிரியர், குரலைத் தாழ்த்தி, “உண்மையச் சொல்லுங்க.”

அதோடு அவள் பதிப்பாளரையும் கூப்பிட்டு, ‘நீள்மௌனம்’ இந்தத் தைக்கு இல்லை என்று சொன்னாள். அவர் வேறு பதிப்பகம் எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்டார்.

பத்திரிகை வந்தது. ஒரே ஒரு நாவலின் பெயரும் அதைப் பற்றி நாலு வரியும், மீதிப் பக்கத்தில் ஒரு கூந்தல் தைல விளம்பரமும். பிரதி தாதனூத்து ரயிலடிக் கடைக்கு வந்து இறங்கிய காலையிலேயே எறும்புகள் பூங்கனியின் மாடியிலிருந்து இறங்கின. அவசரமில்லாமல் இறங்கி, தெருமுனையில் சாதி சாதியாகப் பிரிந்து, தங்கள் பழைய சண்டைகளைத் தொடங்கி, கோலங்களுக்கும் தட்டுகளுக்கும் வெல்லமூட்டைகளுக்கும் போய்ச் சேர்ந்தன. ஆதிலிங்க அண்ணாச்சி பட்டறைக்குப் பட்டறை போய் எறும்பைப் பார்த்துக் கும்பிட்டார். வெளியூர்க்காரர்கள் மொய்த்த பொட்டலமாகப் பார்த்துக் கேட்டு வாங்கினார்கள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு மட்டும் வியாதி திரும்பி வந்தது. ஊர் சந்தேகப்படுவதை நிறுத்தியதா என்றால், அது எப்படி நிறுத்தும்? ஜெனிட்டா பூங்கனிக்குச் சின்ன வயதில் பிறந்து கொடுத்துவிட்ட மகள் என்றார்கள், அந்த நாவலையே பூங்கனிதான் வேறு பேரில் எழுதினாள் என்றார்கள், இல்லையென்றால் எவளாவது ஒருத்தி வேலை மெனக்கெட்டு இன்னொருத்தியைப் புகழுவாளா என்று கேட்டார்கள்.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெனிட்டாவே வந்துவிட்டாள். ஒல்லியான கறுத்த பெண், கையில் தண்ணீர் பாட்டில், வெயிலில் நடந்து வந்த வியர்வை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“நான் பத்துப் பன்னெண்டு பேருக்கு புக்கை அனுப்பினேன் மேடம். ஒருத்தரும் கெடச்சுதுன்னுகூடச் சொல்லல. நீங்க மட்டும் பத்துப் பேரை விட்டுட்டு என்னைப் போட்டிருக்கீங்க. எங்க ஸ்கூல்ல, நான் உங்களுக்கு என்ன குடுத்தேன்னு கேக்காங்க. எங்க வீட்டுக்காரர், உன்கிட்ட அவங்களுக்கு என்ன வேணுமாம்னு கேக்கார்.”

“நீ என்ன நினைக்க?”

“எனக்கும் அதான் தெரியணும்.”

பூங்கனி அவளைப் பார்த்தாள். சந்தேகப்படுகிற இந்த முகத்தை அவளுக்குத் தெரியும், முப்பது வருஷமாகக் கண்ணாடியில் பார்க்கிற முகம்தான். பிடித்திருந்தது என்று சொன்னால் நம்பப்போவதில்லை. அதனால் மாடிக்குப் போய் ‘நீள்மௌன’த்தைக் கட்டோடு கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள்.

“இதான் எனக்கு வேண்டியது. படிச்சுட்டுச் சொல்லு. நீ எழுதுன அதே கதை.”

ஜெனிட்டா முதல் பக்கத்தைப் பார்த்தாள், முகம் மாறியது. கட்டைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு போனாள்.

அவள் தெருமுனை தாண்டியதும் பூங்கனி வாசலுக்கு ஓடிவந்து பார்த்தாள். வேறு பிரதி இல்லை, பதிப்பாளருக்குக்கூட இன்னும் அனுப்பவில்லை, கையெழுத்துக் கட்டு அது ஒன்றுதான். அந்தப் பெண் ஜெராக்ஸ் எடுத்துவிட்டால்? நல்ல இடங்களை உருவிக்கொண்டால்? தொலைந்துபோனது என்று சொல்லிவிட்டால்? படிக்காமலே வைத்திருந்து, அருமை அக்கா, கண் கலங்கிட்டேன் அக்கா என்று எல்லாரையும்போல ஒரு பாட்டுப் பாடிவிட்டால்? அதுதான் அவளுக்கு ஆகப் பெரிய பயமாக இருந்தது. அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை, தனுஷ்கோடி போனைத் தொட்டாலே யாரோடு பேச்சு என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெனிட்டா வந்தாள். இந்தத் தடவை உட்கார்ந்தாள். கட்டை மடியில் வைத்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

“அக்கா, முதல் நானூறு பக்கம் வேண்டாம்.”

பூங்கனி காலித் தம்ளரை அவள் கையிலிருந்து வாங்கினாள்.

“குப்பைன்னு சொல்ல வரல. ஆனா குப்பைதான். அதை யாரோ பெரிய ஆளுங்க பாத்துக்கிட்டு நிக்கிற மாதிரி நெனச்சு எழுதியிருக்கீங்க. ஒவ்வொரு வரிக்கும் கைதட்டுக்குக் காத்துக்கிட்டு நிக்கீங்க. ரெண்டு தடவ தூங்கிட்டேன்.” அவள் கட்டைப் புரட்டி ஓர் இடத்தில் விரலை வைத்தாள். “அந்த மாமியார் செத்துப்போறாளே, அங்கதான் கதை தொடங்குது. காரியம்லாம் முடிஞ்சு மறுநாள் மருமக அரிசி களைஞ்சு போடுதா, செத்தவளுக்கும் சேர்த்துப் போட்டுட்டு, கையை எடுக்க முடியாம அப்படியே பானைக்குள்ள வச்சுக்கிட்டு நிக்கா. என் நாவல் ரெண்டு பேரும் உயிரோட இருக்கறதோட முடிஞ்சுபோச்சுக்கா. செத்த பெறகு ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தோணவே இல்ல. அதைப் படிச்சுட்டு உங்க மேல எனக்குப் பொறாமை வந்துச்சு. ரெண்டு நாளா எங்க வீட்டுக்காரரோடகூடப் பேசல. இதைத் தொலைச்சுட்டேன்னு சொல்லிருவோமான்னுகூட நெனச்சேன்.”

சொல்லிவிட்டுப் பயந்துபோய்ப் பூங்கனியைப் பார்த்தாள்.

பூங்கனி காத்திருந்தாள். யாராவது தன் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் உடனே உள்ளே ஒரு குரல் எழுந்து, இவன் எதற்குச் சொல்கிறான், இவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்குமே, அது எழும் என்று காத்திருந்தாள். விருது வாங்கிய மேடைகளில்கூட அது எழாமல் இருந்ததில்லை. இப்போது எழவில்லை. ஆறு வருஷத்தில் நாலு வருஷம் குப்பை என்று எதிரே உட்கார்ந்து ஒருத்தி சொல்கிறாள், அது வலிக்கிறது, நன்றாகவே வலிக்கிறது, ஆனால் அதில் ஒரு சொல்லைக்கூடச் சந்தேகப்பட அவளால் முடியவில்லை. கட்டை வாங்கி, விரல் வைத்த இடத்தில் பிரித்து, மேலே இருந்த நானூறு பக்கத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். மடியில் மிச்சம் இருந்தது ஒல்லியாக இருந்தது.

“சாப்பிட்டுட்டுப் போ,” என்றாள்.

பின்கட்டிலிருந்து தனுஷ்கோடியின் குரல் வந்தது. அவனுக்கு அவன் கவலை. பாகு காய்ச்சுகிற கரண்டியோடு வாசல்படியில் நின்று, உள்ளே வரப் பயந்து கேட்டான்.

“ஏய், அங்க எறும்பு ஏதும் வருதா?”

“நான் பாக்கல,” என்றாள் பூங்கனி.